வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளங்கி

அம்மா: ...அதனாலதான் கேக்கறேன். சும்மா வந்தவன் செருப்பக்கூடக் கழட்டாம உக்காருவானா?

மகன்: அடடா... மறந்துட்டேன்மா.

அம்மா: கழட்டி வாசல்ல விட்டுட்டு வா. அப்படியே இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு. கண்ணாடி போட்டா ரெண்டு ஊசி தெரியுது. எதுல கோக்கறதுன்னே புரியல.

மகன்: ரெண்டுலயும் கோத்துடு. சீக்கிரம் தச்சு முடிக்கலாம்.

அம்மா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஏன்டா, வேலை நாள்ல வந்திருக்க? இன்னிக்கு யாரும் லிஃப்ட்ல மாட்டிக்கலையா?

மகன்: இன்னிக்கு லிஃப்ட் மெக்கானிக்தான் மாட்டிக்கிட்டான்.

அம்மா: என்னது?

மகன்: ஒண்ணுமில்ல. லீவு போட்டேன். இந்தா நூலு.

அம்மா: என் மருமகள எங்க விட்டுட்டு வந்த?

மகன்: வீட்ல இருக்கா.

அம்மா: மாசமா இருக்கற புள்ளயத் தனியாவா...

மகன்: அவங்க அக்கா வந்திருக்காங்க. தனியா இல்ல.

அம்மா: சண்டையா?

மகன்: இல்லம்மா.

அம்மா: அவங்க அக்கா வந்திருக்கா. நீ இங்க வந்திருக்க. சண்டை இல்லங்கற. என்னமோ சொல்ல வந்திருக்க, வாய்க்குள்ளயே வச்சிருக்க. துப்பு.

மகன்: அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அப்பா எங்க?

அம்மா: முடி வெட்டிக்கப் போயிருக்காரு. தலையில இருக்கற முடிக்கு வீட்லயே நான் ஊதி விட்ருப்பேன். பேச்ச மாத்தாத.

மகன்: மாத்தல...

அம்மா: ஹாஸ்டல்ல இருந்தப்பவும் இப்படித்தான். வார்டன் ரூம்ல போன வாங்கி, "நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வச்சிடறேன்"னு சொல்லுவ. தந்தி அடிக்கற மாதிரி.

மகன்: பின்னாடி வரிசையில பசங்க நிப்பாங்கம்மா. வார்டன் வேற காது குடையற மாதிரி கேட்டுட்டே இருப்பாரு.

அம்மா: இப்ப யாருடா வரிசையில நிக்கறா? சரி, இதப் பாரு. இந்தக் குட்டிச் சட்டையோட கைய. என் ரெண்டு விரல் போனா அடைச்சுக்குது! இத்துனூண்டு கைக்குள்ள ஒரு ஆளோட கை போகப்போகுதுன்னா நம்ப முடியுதா? பாரேன்டா!

மகன்: பாத்தேன். நல்லாருக்கு.

அம்மா: பாக்கவே இல்ல. ஜன்னலப் பாத்துட்டு நல்லாருக்குங்கற. மஞ்சள்தான் ரெண்டுக்கும் பொதுன்னு எடுத்தேன். பொண்ணுன்னாலும் சரி, பையன்னாலும் சரி...

மகன்: இது என்னோட பழைய கம்ப்யூட்டர் மேசைதானே?

அம்மா: ஆமா. தையல் மெஷினுக்கு உயரம் சரியா இருக்கு. ஏன், திருப்பிக் கேக்கறியா?

மகன்: இல்ல... இதுலதான் குருவித்தீவு விளையாடுவேன். ஞாபகம் இருக்கா?

அம்மா: அது எந்த ஊரு?

மகன்: ஊரு இல்லம்மா. கம்ப்யூட்டர் விளையாட்டு. ஹாஸ்டல் போறதுக்கு முன்னாடி இங்க விளையாடினேன், அப்புறம் அங்க கம்ப்யூட்டர் ரூம்ல. இப்ப அது இல்ல. கம்பெனிக்காரங்க மூடிட்டாங்க.

அம்மா: நீ என்னென்னமோ விளையாடுவ. கூப்பிட்டா காதே கேக்காது. சுடறது, வெட்டறது...

மகன்: இது அப்படி இல்ல. ஆளுக்கு ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குருவி. தினமும் குருவிக்குத் தானியம் போடணும்.

அம்மா: போடலேன்னா செத்துடுமா?

மகன்: சாகாது. மூஞ்சியத் திருப்பிட்டுச் சுவரப் பாத்து உக்காந்துக்கும்.

அம்மா: உங்கப்பா மாதிரின்னு சொல்லு.

மகன்: அவரே தேவலை. இது நாம போய் நின்னாக்கூடத் திரும்பாது. மறுபடி மறுபடி தானியம் போட்டுச் சமாதானம் பண்ணணும்.

அம்மா: ஒரு பொம்மைக் குருவிக்கு இவ்ளோ பவுசா? சரி, அதுக்கென்ன இப்போ?

மகன்: சும்மா... வர்ற வழியில நெனச்சுட்டே வந்தேன். அந்த மாதிரி ஒரு இடம் இப்ப இல்லையேன்னு.

அம்மா: குருவி வளக்கவா?

மகன்: பேச. அங்க கண்டவங்களோட பேச முடியாதும்மா. பக்கத்து மனைக்காரங்களோட மட்டும்தான். ரெண்டு பேரும் வேலிகிட்ட வந்து நிக்கணும். நாம எழுதறது தலைக்கு மேல மேகம் மாதிரி மெதக்கும். வேலிய விட்டு ரெண்டு அடி நகர்ந்தா அழிஞ்சு போயிடும். அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

அம்மா: நல்ல ஏற்பாடுதான். மனுஷங்க பேச்சும் அப்படி அழிஞ்சா பாதி குடும்பத்துல சண்டையே வராது. உன் பக்கத்து மனையில யாரு?

மகன்: முள்ளங்கி.

அம்மா: முள்ளங்கியா! அது என்னடா பேரு?

மகன்: அதுவா வச்சுக்கிட்டது. எனக்கென்ன தெரியும்.

அம்மா: பேரு என்னன்னு கேட்டிருப்பாங்க. பாவம், ஒண்ணும் தோணாம சாப்பாட்டு டப்பாவுல இருந்ததப் பாத்து வச்சிருக்கும்.

மகன்: இருக்கும், இருக்கும். ஆமையா வரும். அவங்கவங்களுக்குப் புடிச்ச உருவம் எடுத்துக்கலாம். பசங்கெல்லாம் சிங்கம், கழுகுன்னு எடுப்பாங்க. இது போயும் போயும் ஆமை.

அம்மா: ஏன், ஆமைக்கு என்ன குறைச்சல்?

மகன்: எழுதறதும் ஆமைதான். நான் ஒண்ணு கேட்டுட்டு, குருவிக்குத் தானியம் போட்டு, முற்றத்தக் கூட்டிட்டு வந்து நிப்பேன். அப்பத்தான் "ம்"னு வரும்.

அம்மா: விரல் பழகியிருக்காது. கேலி பண்ணாத.

மகன்: கேலி பண்ணல. மத்தவங்க பண்ணுவாங்க. நான் நிப்பேன்மா... அந்த "ம்" வர்ற வரைக்கும் நிப்பேன்.

அம்மா: ...என்ன வயசாம் அதுக்கு?

மகன்: என் வயசுன்னு சொல்லிச்சு. என் கிளாசுதான்னு சொல்லிச்சு. ஆனா பேச்செல்லாம் ஒரு மாதிரி இருக்கும். "காலுல முள்ளு குத்தினா ஈரத்தோட நடக்காத"ங்கும். "நகத்தக் கடிக்காத"ங்கும். நான் நகம் கடிக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?

அம்மா: எல்லாப் பசங்களும்தான் நகம் கடிக்கறாங்க. குருட்டாம்போக்குல சொல்லியிருக்கும்.

மகன்: அதுவும் சரிதான். ஏம்மா, நீ லைப்ரரில வேலை பாத்தப்ப உன் கவுன்டர்ல கம்ப்யூட்டர் இருந்துச்சுல்ல?

அம்மா: இருந்துச்சு. அதுல புத்தகம் பதியறதோட சரி. அதத் தொட்டாலே ஷாக் அடிக்குமோன்னு எனக்குப் பயம். அந்தக் கத்தரிய இப்படி எடு.

மகன்: இந்தா... முள்ளங்கிகிட்ட ஒண்ணு சொன்னேம்மா. அத இதுவரைக்கும் வேற யாருகிட்டயும் சொன்னதில்ல.

அம்மா: பொண்ணு விஷயமா?

மகன்: அந்த வயசுல என்ன பொண்ணு! ஹாஸ்டல்ல சேந்த புதுசுல... தூக்கத்துல பெட்ட நனச்சுடுவேன். பசங்க கண்டுபுடிச்சுட்டாங்க. என் விரிப்பத் தூக்கி வராண்டாவுல எல்லாரும் பாக்கற மாதிரி காயப் போடுவாங்க. ஒரு நாள் வேலிகிட்ட நின்னு அப்படியே எழுதிட்டேன். எழுதிட்டு ஓடிடலாம்னு பாத்தேன், அழிஞ்சு போயிடும்ல. ஆனா ஆமை பதில் எழுதிட்டு இருந்துச்சு. நகரவும் முடியல, நிக்கவும் முடியல.

அம்மா: என்ன எழுதிச்சு?

மகன்: "எனக்கும் அப்படி இருந்துச்சு. போயிடுச்சு. உனக்கும் போயிடும்"னு எழுதிச்சு. அவ்ளோதான். எவ்ளோ நேரமாச்சு தெரியுமா அத எழுதி முடிக்க! மணி அடிச்சு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தேன்.

அம்மா: அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?

மகன்: உன்கிட்டயா? நீ அன்னிக்கே பஸ் ஏறி வந்து வார்டன் சட்டையப் புடிச்சிருப்ப. அப்புறம் நான் அங்க எப்படி இருக்கறது?

அம்மா: புடிச்சிருக்கத்தான் செய்வேன்... சரி, அப்புறம் அந்த முள்ளங்கி என்ன ஆச்சு?

மகன்: விளையாட்டயே மூடறோம்னு அறிவிப்பு வந்துச்சு. கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் வேலிகிட்ட வரணும், குருவியப் பறக்க விடணும். அதுலயும் ஒண்ணு வச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வச்சாத்தான் கூண்டு திறக்கும்.

அம்மா: ம்.

மகன்: நான் போகல.

அம்மா: ...ஏன்?

மகன்: பரீட்சை இருந்துச்சு.

அம்மா: ஓ.

மகன்: முள்ளங்கியோட குருவி கூண்டுக்குள்ளயே இருந்திருக்கும்ல? முள்ளங்கி வந்து நின்னு பாத்துட்டே இருந்திருக்கும். நான் வராம, கூண்டும் திறக்காம, அப்படியே திரை கருப்பாயிருக்கும்...

அம்மா: விடுடா. பொம்மைக் குருவிதானே. பரீட்சைதான் முக்கியம்.

மகன்: ம்...

அம்மா: போன் அடிக்குது பாரு. உன்னோடதுதான்.

மகன்: அடிக்கட்டும்.

அம்மா: அவதானே? எடு.

மகன்: அப்புறம் பேசிக்கறேன்.

அம்மா: மாசமா இருக்கறவ கூப்பிட்டா எடுக்க வேணாமா? என்ன பழக்கம் இது! குடு, நான் பேசறேன்.

மகன்: வேணாம்மா. குடுக்க மாட்டேன். விடு... ப்ளீஸ்.

அம்மா: போன ஏன்டா இப்படி ஒளிக்கற? இங்க பாரு. என்ன நிமிந்து பாரு. என்ன ஆச்சு?

மகன்: சொல்ல முடியலம்மா. வாசல்லயே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ தச்சுட்டு இருந்த... சொல்ல முடியல.

அம்மா: ...சரி. என்கிட்டச் சொல்ல வேணாம்.

மகன்: கோச்சுக்காத.

அம்மா: கோச்சுக்கல. என்கிட்டச் சொல்ல வேணாம், முள்ளங்கிகிட்டச் சொல்லு.

மகன்: என்னம்மா நீ...

அம்மா: மெஷின நிறுத்திட்டேன் பாரு. இந்த மேசைதான் வேலி. நான் சுவரப் பாத்துத் திரும்பிக்கறேன். உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன். நீயும் என்னதப் பாக்காத.

மகன்: நமக்கு இது விளையாடற வயசா?

அம்மா: உனக்கு ஆயிடுச்சு. எனக்கு ஆகல. நான் முள்ளங்கியா நடிக்கறேன். வேலிய விட்டு நகர்ந்தா எல்லாம் அழிஞ்சு போயிடும்னு நீதானே சொன்ன? எழுது. நான் நிக்கறேன். நீ மெதுவா எழுது.

மகன்: முள்ளங்கி...

அம்மா: ம்.

மகன்: இருக்கியா?

அம்மா: இருக்கேன்.

மகன்: குழந்தை... இல்ல.

அம்மா: ...

மகன்: துடிப்பு கேக்கலன்னாங்க. மெஷின்ல கோளாறா இருக்கும்னு சொன்னேன். நான் மெக்கானிக்ல, அப்படித்தானே தோணும்... வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் கேக்கல. எடுத்துட்டாங்க.

அம்மா: ...

மகன்: முள்ளங்கி?

அம்மா: இருக்கேன்டா... இருக்கேன். விரல் வரல. கொஞ்சம் இரு.

மகன்: இருக்கேன்.

அம்மா: ...அவ சாப்பிட்டாளா?

மகன்: ரெண்டு வாய். எனக்காக.

அம்மா: தூங்கறாளா?

மகன்: படுத்திருக்கா. வயித்து மேல கைய வச்சுக்கிட்டே படுத்திருக்கா. நான் உள்ள போனா டக்குனு கைய எடுத்துடறா.

அம்மா: அய்யோ, என் கண்ணே...

மகன்: அவதான் அனுப்பினா. அத்தைக்கு போன்ல சொல்லாதீங்க, பக்கத்துல உக்காந்து சொல்லுங்கன்னா. அவங்க தாங்க மாட்டாங்கன்னா. இந்த நிலைமையிலயும் எங்கம்மாவப் பத்திதான் கவலைப்படறா. இங்க வந்து பாத்தா, எங்கம்மா சட்டைக்குக் கை தச்சுட்டு உக்காந்திருக்காங்க. எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.

அம்மா: உங்கம்மாவ நான் பாத்துக்கறேன். அவ கெட்டிக்காரி. கொஞ்சம் அழுவா, அப்புறம் எழுந்து அடுப்பப் பத்த வப்பா. நீ அழுதியா?

மகன்: வண்டியில வர்றப்ப. ஹெல்மெட்டுக்குள்ள.

அம்மா: அவ முன்னாடி?

மகன்: இல்ல. நான் தைரியமா இருந்தாத்தானே அவளுக்கு...

அம்மா: மடையா. அவ முன்னாடி அழு. இல்லேன்னா அவளுக்கு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சுக்குவா. ரெண்டு பேருக்கும் போயிருக்கு. ஒருத்தி மட்டும் எப்படிச் சுமப்பா?

மகன்: நான் தினமும் சாமி கும்பிட்டேன் முள்ளங்கி. நீ நம்பமாட்ட. லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டுக்கூடக் கும்பிட்டேன். என்ன பிரயோஜனம்?

அம்மா: எனக்கு அதுக்கு பதில் தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி பேசினா பாவம். ஆனா ஒண்ணு... அவளே அவ்ளோ வலியில கிடக்கறப்ப, பக்கத்துல உக்காந்து சொல்லுங்கன்னு உன்ன அனுப்பினா பாரு. அந்த மனசு எங்கிருந்து வருது? கடவுள் கைய விட்ட வீட்ல அது இருக்காது. நான் அதப் புடிச்சுக்குவேன். நீயும் புடிச்சுக்க.

மகன்: ...

அம்மா: அழு. நான் திரும்பல. சுவரத்தான் பாத்துட்டிருக்கேன்.

மகன்: நீயும் அழறம்மா.

அம்மா: முள்ளங்கி அழாது. இது உங்கம்மா. அவ கணக்கு வேற. மூக்கச் சிந்திட்டு போன எடு. அவகிட்டப் பேசு. சொல்லிட்டேன்னு சொல்லு. அத்தை உன்கூடவே வர்றாங்க, ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க, பக்கத்துல வந்து படுத்துக்குவாங்கன்னு சொல்லு.

மகன்: நீ வர்றியா?

அம்மா: பின்ன? அப்பாவுக்குச் சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவரு சுவரப் பாத்து உக்காந்துக்குவாரு. உக்காரட்டும். அவருக்கு அழ அது ஒரு வழி.

மகன்: இந்தச் சட்டை...

அம்மா: பிரிக்க மனசு வரல. தச்சு முடிச்சுடறேன். ஆஸ்பத்திரியில போட்டுக்கத் துணி இல்லாம எத்தனையோ குழந்தைங்க பிறக்குது, அதுல ஒண்ணுக்குக் குடுக்கலாம்... ஆனா அவகிட்டக் கேட்டுத்தான். எனக்கே வேணும், நானே வச்சுக்கறேன்னு அவ சொன்னாலும் சரி. அது அவளோடது.

மகன்: ...சரிம்மா.

அம்மா: வேலிய விட்டு நகரப் போறேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எழுதிக்கவா?

மகன்: எழுது.

அம்மா: நான் நடிக்கலடா. நான்தான் முள்ளங்கி.

மகன்: ...

அம்மா: நீ ஹாஸ்டல் போனப்புறம் உன் பேருல உள்ள போய்க் குருவிக்குத் தானியம் போட்டேன். பக்கத்து மனை காலியாக் கிடந்துச்சு. அங்க எவன் வந்து குடியேறி உன்கிட்ட என்ன பேசுவானோன்னு பயம். லைப்ரரில சாப்பாட்டு நேரத்துல நானே குடி போயிட்டேன். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் விளக்க அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒத்தை விரல்ல... உன் மனசுக்குள்ள திருட்டுத்தனமா எட்டிப் பாத்துட்டேனோன்னு இன்னிக்கு வரைக்கும் உறுத்தல். சொன்னா கோச்சுக்குவியோன்னு சொல்லல. என்னடா, திகைச்சுப் போயிட்டியா?

மகன்: இல்லம்மா.

அம்மா: அப்போ ஒண்ணு கேக்கறேன். கடைசி நாள் லீவு போட்டு, இந்த மேசையிலயே உக்காந்து காத்திருந்தேன். கூண்டு மேல கைய வச்சுட்டே நின்னேன். அன்னிக்கு உனக்குப் பரீட்சை இல்ல. உன் பரீட்சை முடிஞ்சு போனது எனக்குத் தெரியாதா? ஏன்டா வரல?

மகன்: பெட்ட நனைக்கறேன்னு முள்ளங்கிகிட்டச் சொன்ன வாரமே, நான் கேக்காம, வீட்ல இருந்து கருநீலத்துல ரெண்டு விரிப்பும் ஒரு ரப்பர் ஷீட்டும் வந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும்மா... தெரிஞ்சுதான் தினமும் வந்து பேசினேன். கடைசி நாள் கம்ப்யூட்டர் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வந்தா "போயிட்டு வரேம்மா"ன்னு எழுதிடுவேன், எழுதிட்டா அதுவரைக்கும் சொன்னதெல்லாம் உன்கிட்டயே சொன்னதா ஆயிடும்னு பயந்து, ரூமப் பூட்டற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டேன்மா.